ஐந்தரை அடி உயரம்

எங்கள் கல்லூரியில் வரலாற்றுத் துறை அறையின் சுவரில் ஒரு படம் ஒட்டியிருக்கிறது. தலையில் சிவப்புத் துணி கட்டி, சட்டைக் கையை மடித்துவிட்டு, முஷ்டியை உயர்த்திக் காட்டும் அமெரிக்கப் பெண். நீங்களும் பார்த்திருப்பீர்கள். கைப்பையிலும் காபிக் கோப்பையிலும்கூட வந்துவிட்ட படம். 1943 இல் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தின் ஆலைகளுக்காக ஜே. ஹோவர்ட் மில்லர் வரைந்தது. அன்றைக்கு அது ஆலைச் சுவரில் இருந்தது சில நாட்கள்தான். பெண்ணியத்தின் அடையாளமாக உலகம் சுற்றத் தொடங்கியது 1980களுக்குப் பிறகு.

'இரண்டாம் உலகப் போர் பெண்களுக்கு வேலைவாய்ப்பின் கதவைத் திறந்தது' என்று மாணவிகள் விடைத்தாளில் எழுதுவார்கள். நானும் மதிப்பெண் போட்டிருக்கிறேன். பல ஆண்டுகளாக வகுப்பில் அப்படித்தான் சொல்லியும் வந்தேன். படத்திலிருக்கும் அந்தப் பெண் முஷ்டியை உயர்த்திய அதே 1943 இல் இந்தியாவிலும் பெண்களுக்கு ஒரு வேலை திறந்துவிடப்பட்டது. ஆறே ஆண்டுகளுக்கு முன்னால் அவர்களிடமிருந்து பறிக்கப்பட்ட வேலை அது. நிலத்தடியில், நிலக்கரிச் சுரங்கத்துக்குள். அதற்குச் சுவரொட்டி எதுவும் வரையப்படவில்லை.

இதை நான் தேடிக் கண்டுபிடிக்கவில்லை. வைஸ்ராயின் நிர்வாகக் கவுன்சிலில் அம்பேத்கர் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த ஆண்டுகளைப் பற்றிப் பேச ஓர் ஊரில் கூப்பிட்டிருந்தார்கள். அதற்காக அவருடைய ஆங்கிலத் தொகுப்பின் பத்தாம் தொகுதியைப் புரட்டிக்கொண்டிருந்தேன். 1942 முதல் 1946 வரையிலான அவருடைய சட்டமன்ற உரைகளும் அறிக்கைகளும் அதில் இருக்கின்றன. நாங்கள் அம்பேத்கர் படத்துக்குக் கீழே உட்கார்ந்து படித்து வளர்ந்த வீடு. எட்டு மணி நேர வேலை, மகப்பேறு உதவி, சேம நலநிதி என்று குறிப்பெடுத்துக்கொண்டே போனவள், 1944 பிப்ரவரி 8 என்று தேதியிட்ட பக்கத்தில் நின்றுவிட்டேன். நிலக்கரிச் சுரங்கங்களின் நிலத்தடி வேலையில் பெண்களை அமர்த்தக் கூடாது என்ற தடையை அரசு நீக்கியிருந்தது. மத்திய சட்டமன்றத்தில் அதற்குக் கடும் எதிர்ப்பு. அரசின் தரப்பை எடுத்துப் பேசுகிறவர் அம்பேத்கர்.

பேச்சுக்கு எடுத்த குறிப்பில் அந்தப் பக்கத்தை அன்றைக்கு நான் சேர்க்கவில்லை. அதை இங்கே ஒத்துக்கொள்கிறேன்.

நிலக்கரி என்றால் தமிழ்நாட்டில் நமக்கு நெய்வேலி. அது திறந்தவெளிச் சுரங்கம். மேலே நின்று பார்த்தால் பள்ளம் முழுதும் தெரியும். ஜாரியா, ராணிகஞ்ச் பகுதிகளில் அன்றிருந்தவை பெரும்பாலும் அப்படிப்பட்டவையல்ல. சரிவாகவோ கிணறு போலவோ பூமிக்குள் இறங்கி, கரிப் படிவத்தைக் குடைந்துகொண்டே போகும் இருட்டு வழிகள். ராணிகஞ்சில் 1774 இலேயே கரி எடுக்கத் தொடங்கினார்கள். 1855 இல் ரயில் அங்கே போய்ச் சேர்ந்ததும் தொழில் பெருகியது. ஜாரியாவுக்கு ரயில் வந்தது 1890களில்.

இந்தச் சுரங்கங்களில் வேலை செய்தவர்கள் பெரும்பாலும் சந்தால், பௌரி போன்ற பழங்குடி, தலித் சமூகத்தார். தனி ஆளாக வந்தவர்களைவிடக் குடும்பமாக வந்தவர்கள் அதிகம். பல கம்பெனிகள் சுற்றுப்புற நிலங்களின் ஜமீன் உரிமையையே விலைக்கு வாங்கி, சுரங்கத்தில் வேலைக்கு வருகிறவருக்குத்தான் உழுவதற்குத் துண்டு நிலம் என்று கட்டிப்போட்டிருந்தன. ஆண் பிக்காசால் கரியை வெட்டுவான். அவனுக்கு மல்கட்டா என்று பெயர். அவன் மனைவியோ அக்காளோ தாயோ அதை அள்ளிக் கூடையில் சுமந்து, டப் என்று சொல்லப்பட்ட தள்ளுவண்டியில் கொட்டுவாள். அவளுக்குப் பெயர் காமின். கூலி டப் கணக்கில். இத்தனை டப் நிரம்பினால் இத்தனை காசு. அதில் வெட்டியவன் பங்கு எவ்வளவு, சுமந்தவள் பங்கு எவ்வளவு என்று யாரும் பிரித்ததில்லை. 1920களின் தொடக்கத்தில் நிலக்கரித் தொழிலாளர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பெண்கள்.

என் அம்மா இருபத்திரண்டு வருஷம் சித்தாள் வேலை பார்த்தவர். சுவர் கட்டுகிறவர் கொத்தனார்; கல்லும் கலவையும் எடுத்துக் கொடுக்கிறவர் சித்தாள். அந்த வேலை நின்றால் இந்த வேலையும் நிற்கும். ஆனால் பெயர் வேறு, கூலி வேறு. எத்தனை வருஷம் வேலை பார்த்தாலும் சித்தாள் கொத்தனார் ஆவதில்லை. மல்கட்டா, காமின் என்ற சொற்களை முதன்முதலில் படித்தபோது எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

சுரங்கத்துக்குள் பெண் போகக் கூடாது என்ற எண்ணம் இங்கே முளைத்ததல்ல. பிரிட்டன் தன் நாட்டில் 1842 இலேயே பெண்களின் நிலத்தடி வேலையைத் தடை செய்துவிட்டது. தன் ஆளுகையிலிருந்த இந்தியாவில் அதைச் செய்ய அதற்கு இன்னும் எண்பத்தேழு ஆண்டு பிடித்தது. 1929 இல் வந்த விதிகள் நிலத்தடி வேலையில் பெண்களைத் தடுத்தன. ஆனால் வங்காளம், பீகார், மத்திய மாகாணம் ஆகியவற்றின் நிலக்கரிச் சுரங்கங்களுக்கு அவகாசம் கொடுத்தன. ஆண்டுக்கு ஆண்டு பெண்களின் விழுக்காட்டைக் குறைத்துக்கொண்டே வந்து 1939 ஜூலையில் முழுதும் நிறுத்த வேண்டும். 1935 இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு இதற்கென ஓர் உடன்படிக்கை கொண்டுவந்ததும் அவகாசம் சுருக்கப்பட்டது. 1937 அக்டோபர் 1 முதல் முழுத் தடை.

இந்தத் தடைக்காக உழைத்தவர்கள் பெண்கள். அகில இந்தியப் பெண்கள் மாநாட்டின் உறுப்பினர்கள் சிலர் நிலக்கரிப் பகுதிகளுக்கு நேரிலேயே போய்ப் பார்த்தார்கள். அவர்கள் பார்த்தது பொய்யல்ல. கூரை சரியும், வாயு தீப்பற்றும், கர்ப்பிணிகள் கூடை சுமந்தார்கள், வேலைக்குப் போகும் தாய் கைக்குழந்தைக்கு அபின் கொடுத்துத் தூங்கவைக்கும் வழக்கம் இருந்தது. 1936 டிசம்பரில் ராணிகஞ்ச் பகுதியின் போய்தீ சுரங்கத்தில் நடந்த வெடிவிபத்து ஒன்றில் மட்டும் 209 பேர் செத்தார்கள். இதையெல்லாம் பார்த்துவிட்டு வந்த ஒருத்தி 'பெண்களை மேலே ஏற்றுங்கள்' என்று கேட்காமல் வேறென்ன கேட்பாள்?

அது 'ஆண்களையும் காப்பாற்றுங்கள்', 'கூலியை உயர்த்துங்கள்' என்ற கோரிக்கைகளோடு சேர்ந்து வந்தது என்பதும் உண்மை. நடந்தது என்னவோ முதல் கோரிக்கை மட்டும்தான். முதலில் பெண்கள் இல்லாமல் சுரங்கம் ஓடாது என்று முரண்டுபிடித்த முதலாளிகளுக்கு 1930களின் மந்தத்தில் கரி விலை விழுந்து ஆள் மிஞ்சியதும் பெண்களை நிறுத்துவது சுலபமாகிவிட்டது. இரண்டு பேர் சம்பாதித்த வீட்டில் ஒருவர் சம்பாதிக்க வேண்டியதாயிற்று. மாற்று வேலை என்று எவரும் ஏற்பாடு செய்யவில்லை. சிலர் மேற்பரப்பில் கரி பொறுக்கவும் வண்டியில் ஏற்றவும் போனார்கள். இடம் கிடைக்காதவர்கள் செங்கல் சூளைக்கோ ஊருக்கோ போனார்கள்.

பிறகு போர் வந்தது. பர்மா விழுந்த பிறகு கிழக்கிந்தியா முழுதும் விமானத்தளங்கள், சாலைகள், ராணுவக் கட்டடங்கள். அங்கே கூலி அதிகம், வேலை வெளிச்சத்தில், கணவனும் மனைவியும் சேர்ந்தே மண் சுமக்கலாம். 1937 இல் மனைவியைச் சுரங்கத்திலிருந்து வெளியே அனுப்பியபோது அவளோடு சேர்ந்து கணவனும் போவதற்கான காரணத்தைச் சுரங்கமே உண்டாக்கி வைத்திருந்தது. ஆட்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். 1942 இல் சுமார் 2.9 கோடி டன்னாக இருந்த கரி உற்பத்தி 1943 இல் ஏறத்தாழ 2.5 கோடியாக இறங்கியது. கரி இல்லாமல் ரயில் இல்லை, எஃகு இல்லை, போர் இல்லை.

1943 ஆகஸ்டில் மத்திய மாகாணத்தில் தடை நீக்கப்பட்டது. ஆண்டு முடிவதற்குள் வங்காளத்திலும் பீகாரிலும். வங்காளத்தில் பஞ்சம் உச்சத்திலிருந்த மாதங்கள் இவை. கல்கத்தா வீதிகளில் கஞ்சி கேட்டு மக்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். சுரங்கத் தொழிலாளர்களுக்கோ சலுகை விலையில் தானியம் கிடைத்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் மறுபடியும் இறங்கினார்கள். இதை 'வேலைவாய்ப்பு' என்ற சொல்லால் எழுதலாமா என்று எனக்கு இன்றைக்கும் தெளிவில்லை. 'கட்டாயம்' என்று எழுதினாலும் பொருந்தவில்லை. அவர்களுக்கு அந்த வேலை தெரியும். ஆறு வருஷத்துக்கு முன்னால் அவர்களைக் கேட்காமல் எடுத்துக்கொள்ளப்பட்ட வேலை அது.

எதிர்ப்பு பெரிதாகவே எழுந்தது. லண்டன் பாராளுமன்றத்தில்கூடக் கேள்வி கேட்டார்கள். இங்கே பெண்கள் மாநாடு தீவிரமாக எதிர்த்தது. 1943 இல் மத்திய சட்டமன்றத்துக்குப் பெண்களின் பிரதிநிதியாக நியமிக்கப்பட்ட ரேணுகா ராய் எதிர்ப்பின் முன்னணியில் இருந்தார். ஆள் போதவில்லையென்றால் ஆண்களின் கூலியை ஏற்று, லாபம் குவிக்கும் முதலாளியைத் தொடு, பெண்ணை ஏன் குழிக்குள் இறக்குகிறாய் என்பதே எதிர்த்தவர்களின் வாதம். அதற்கு நேரான பதில் அரசிடம் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அம்பேத்கர் சொன்னதன் சாரம் இது: இது தற்காலிகம், நெருக்கடிக்காக மட்டும். ஐந்தரை அடிக்குக் குறைவான உயரமுள்ள வழிகளில் பெண்களை அமர்த்தக் கூடாது. சம வேலைக்கு ஆணுக்குக் கொடுக்கும் அதே கூலியைப் பெண்ணுக்கும் கொடுக்க வேண்டும். ஆண் பெண் வேறுபாடில்லாத சம ஊதியம் என்ற கொள்கை ஒரு தொழிலில் நிலைநாட்டப்படுவது இதுவே முதல்முறை என்று தாம் நினைப்பதாகவும் சொன்னார்.

இந்தக் கடைசி விஷயத்தைப் பற்றி எனக்குள் நீண்ட நாள் சண்டை. அரசியலமைப்பின் 39 ஆம் பிரிவுக்கும், 1976 இன் சம ஊதியச் சட்டத்துக்கும் முன்பே ஒருவர் அதை அரசின் நிபந்தனையாகவே வைத்தார். ஆமாம், அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் எந்த வேலைக்குச் சமம்? அவன் வெட்டினான், இவள் சுமந்தாள். ஒரே வேலையை இருவரும் செய்தால்தானே சம ஊதியம் என்ற அளவுகோலையே வைக்க முடியும்? கூலி டப் கணக்கில் வந்தால், அது யார் கையில் எண்ணப்பட்டது? கட்டட வேலையில் 'சம வேலைக்குச் சம கூலி' என்று இன்றைக்கு நீங்கள் சட்டத்தைக் காட்டினால் மேஸ்திரி மறுக்கவே மாட்டார். "எல்லா சித்தாளுக்கும் ஒரே கூலிதாம்மா" என்பார்.

அம்பேத்கரின் தரப்பையும் சொல்ல வேண்டும். போர்க்கால அரசில் தொழிலாளர் துறையை வைத்திருந்தவர், தடையை நீக்குவது என்ற முடிவை விரும்பி எடுத்தார் என்பதற்கு அந்த உரையில் அறிகுறி இல்லை. எடுக்க வேண்டி வந்தபோது நிபந்தனைகளை ஏற்றினார். 1943 டிசம்பரில் தன்பாத் பக்கம் போய்ச் சுரங்கத்தில் தாமே இறங்கிப் பார்த்தார். 1944 ஜனவரியில் நிலக்கரி மீது வரி விதித்துத் தொழிலாளர் நலநிதி உண்டாக்கும் அவசரச் சட்டம் வந்தது. 1941 இன் சுரங்க மகப்பேறு உதவிச் சட்டம், நிலத்தடியில் வேலை செய்யும் பெண்களைக் கருதி 1945 இல் திருத்தப்பட்டது. அதே ஆண்டு வந்த இன்னொரு அவசரச் சட்டம் சுரங்கங்களில் குழந்தைக் காப்பகம் வைக்கச் சொன்னது. தடை இருந்த ஆண்டுகளில் வராத இவையெல்லாம் தடை நீங்கிய ஆண்டுகளில் வந்தன. பெண்கள் கண்ணில் படும் இடத்தில் இருந்தபோதுதான் சட்டத்துக்கும் அவர்கள் நினைவு வந்தது. ரேணுகா ராயும் அவரைச் சேர்ந்தவர்களும் எழுப்பிய கூச்சல் இல்லாவிட்டால் இதுவும் வந்திருக்குமா என்பது சந்தேகம். ஒருவரை நாயகராக்கி மற்றவரை மேட்டுக்குடிப் பெண் என்று ஒதுக்குவது எளிது. நானே ஒரு கருத்தரங்கில் அப்படிப் பேசியிருக்கிறேன். பௌரிப் பெண்ணின் பசி ரேணுகா ராய்க்குத் தெரியாது என்றேன். அவருக்கு அந்தச் சுரங்கத்தின் கூரை தெரிந்திருந்தது என்பதைச் சொல்லாமல் விட்டேன்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. சட்டமன்றத்தில் இரண்டு தரப்பும் அவ்வளவு பேசின. குழிக்குள் போகலாமா கூடாதா என்ற வழக்கில் குழிக்குள் போனவள் எங்கேயும் பேசவில்லை. அவளைக் கூப்பிட்டு யாரும் கேட்கவில்லை. சந்தாலி மொழியிலோ அவள் பேசிய வங்காளத்திலோ அவள் என்ன சொல்லியிருப்பாள் என்பதை நான் நிரப்பப் போவதில்லை. ஒன்றை மட்டும் கவனிக்கலாம். பெண் உடலுக்கு ஆகாது என்று 1937 இல் சொல்லப்பட்ட இடம் 1943 இல் ஆகும் என்றானது. 1946 பிப்ரவரி 1 அன்று மறுபடி ஆகாது என்றானது. ஒன்பது ஆண்டுக்குள் மாறியது அவள் உடம்பல்ல.

போர் முடிந்த மறு குளிர்காலத்திலேயே தடை திரும்பியது. விமானத்தள வேலைகள் நின்றுபோயிருந்தன. ஆண்கள் திரும்பி வந்துவிட்டார்கள். முதல் உலகப் போர் முடிந்ததும் பிரிட்டன் 1919 இல் ஒரு சட்டம் போட்டு, போருக்கு முந்தைய தொழில் வழக்கங்களை மீட்டுக் கொடுத்து, ஆண்களின் இடத்தில் அமர்த்திய பெண்களை அனுப்பிவைத்தது. படத்தில் முஷ்டியை உயர்த்திய பெண்ணின் தோழிகளுக்கும் 1945 இல் அதுவே நடந்தது. அங்கேயெல்லாம் பெண்கள் வீட்டுக்குப் போகச் சொல்லப்பட்டார்கள். இங்கே அனுப்பப்பட்டவர்களுக்கு வீட்டிலேயே இருந்து பிழைக்க முடியாது. 1947 இல் சமரச வாரியத்தின் பரிந்துரையால் சுரங்கக் கூலி உயர்ந்தது. உயர்ந்த கூலி கிடைக்கும் நிலத்தடி வேலையில் அப்போது அவர்கள் இல்லை.

1952 இன் சுரங்கச் சட்டம் 46 ஆம் பிரிவில் அந்தத் தடையைச் சுதந்திர இந்தியாவின் சட்டமாக்கியது. 1971 இலும் 1973 இலும் சுரங்கங்கள் தேசியமயமாயின. எந்திரங்கள் வந்து, கூடை சுமக்கும் வேலையே மறையத் தொடங்கியது. மேற்பரப்பில் மிச்சமிருந்த பெண்களுக்கு விருப்ப ஓய்வு என்று ஒரு திட்டம் வந்தது. அம்மா ஓய்வு பெற்றால் அந்த வேலை மகனுக்கு. எந்த அம்மா மறுப்பாள்? இப்படிக் கையெழுத்துப் போட்ட பெண்கள் பலர். மகள் பெயரை யாரும் கேட்கவில்லை.

2019 இல் மத்திய அரசு ஓர் அறிவிக்கையின் மூலம் நிலத்தடியில் பெண்கள் வேலை செய்யலாம் என்றது. தொழில்நுட்ப, மேற்பார்வை, நிர்வாகப் பணிகளில் மட்டும். 2021 இல் ஆகாங்க்ஷா குமாரி என்ற பொறியாளர் ஜார்க்கண்டின் சூரி நிலத்தடிச் சுரங்கத்தில் பணியேற்றபோது, முதல் பெண் சுரங்கப் பொறியாளர் நிலத்தடியில் இறங்கிவிட்டார் என்று செய்தித்தாள்கள் மகிழ்ந்து எழுதின. எனக்கும் மகிழ்ச்சிதான். மாணவிகளுக்குப் படத்தைக் காட்டினேன். சில செய்திகளில் 'பொறியாளர்' என்ற சொல் விடுபட்டு, சுரங்கத்துக்குள் இறங்கிய முதல் பெண் என்றே தலைப்பு வந்திருந்தது. அதை மட்டும் கரும்பலகையில் எழுதி அடித்துக் காட்டினேன்.

அந்த வகுப்பில்தான் ஒரு மாணவி எழுந்து, "அப்ப தடையை நீக்குனது சரியா, தப்பா மேடம்?" என்றாள். அவள் அம்மா நூற்பாலையில் இரவு ஷிப்ட் பார்ப்பவர். தேர்வுக்கு எழுத அவளுக்கு ஒரு வரி வேண்டும். தடையைப் போட்டபோதும் எடுத்தபோதும் மறுபடி போட்டபோதும் என்ன நடந்தது என்று மூன்று பத்தியாக எழுது என்றேன். "அதுக்கு அஞ்சு மார்க் பத்தாது" என்றாள்.

இந்தக் கட்டுரைக்காகக் குறிப்புகளை ஒழுங்குபடுத்தியபோது ஒருநாள் அம்மாவிடம் முழுக் கதையையும் சொன்னேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்டார். அம்பேத்கர் பேசியதைச் சொன்னபோது படத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஐந்தரை அடி என்றதும், "நான் நிக்கலாம். உங்கப்பா குனியணும்" என்றார். பிறகு, "புள்ளைங்கள எங்க விட்டுட்டு இறங்குனாங்க?" என்று கேட்டார்.

காப்பகம் வைக்கச் சொல்லிச் சட்டம் வந்ததைச் சொன்னேன்.

"எப்ப?"

"நாப்பத்தஞ்சுல."

"வேல எப்ப போச்சுன்ன?"

"நாப்பத்தாறு பிப்ரவரி."

அம்மா காம்புகளை ஒதுக்கிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார்.